குட்டிபோடும் இலையும் குடைப்பாசியும்

கல்கத்தாவின் தென்பகுதியில், பாலிகஞ்ச் வட்டாரத்து மாடி வீடுகளின் முகப்பிலும் மொட்டை மாடியிலும் தொட்டிகளில் வளரும் செடிகளுள் ஒன்று நம் கண்ணுக்கு உடனே பழக்கமானதாகத் தோன்றும். தடித்துச் சதைப்பற்றுடன் விளங்கும் இலை. ஓரத்திலே வளைவு வளைவான பற்கள். பூக்கும் காலத்தில் சிறு மணிகளைப் போலத் தொங்கும் மலர்கள். வங்காளத்து அண்டை வீட்டார் இதனைப் ‘பாத்தர்குச்சி’ என்பர். பாத்தர் என்றால் கல். குச்சி என்றால் துணுக்கு. சிறுநீரகக் கல்லைக் கரைக்கும் என்ற நம்பிக்கையைச் சார்ந்தது அப்பெயர் என்பர். தமிழ்நாட்டில் நாம் இதனை இரணகள்ளி என்கிறோம். ஆயினும் நம்மூர்ச் சிறுவர்கள் வழங்கும் பெயரே அனைத்தினும் அழகியது. ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’ என்பது அப்பெயர்.

பள்ளிப் பருவத்தில் புத்தகத்தினுள் நாம் இரண்டு பொருள்களை வைத்துக் காத்திருந்தோம். ஒன்று மயிலிறகு, மற்றொன்று இந்த இலை. மயிலிறகு நம்மை ஏமாற்றிவிட்டது. இலை ஏமாற்றவில்லை. சில நாள் கழித்துப் புத்தகத்தைத் திறந்தால் இலையின் ஓரத்துப் பற்களுக்கிடையே வெண்ணிற வேர்களும், உளுந்தளவு சின்னஞ்சிறு இலைகளும் தலைகாட்டும். நூலிற் கட்டிச் சுவரில் தொங்கவிட்டாலும் அவ்வாறே. மண்ணில்லை, நீரில்லை, தாய்ச்செடியின் துணையுமில்லை. ஆயினும் ஓர் இலை பல செடிகளுக்குத் தாயாகிவிடுகிறது.

பிறந்த ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் நமக்கு இந்தக் காட்சி வெறும் வேடிக்கையன்று. தாயிடமிருந்து பிரிந்த ஒரு பகுதி முழு உயிராக மீண்டும் எழுவதற்கு என்ன வேண்டும்? எது உடன் வரவேண்டும்? எதனைப் புதிய இடத்தில் தேடிக்கொள்ள வேண்டும்? இவ்வினாவை விஞ்ஞானிகள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டு வந்தனர். அவர்களுக்கு விடையளித்த உயிர்கள் பல. அவற்றுள் இரண்டை இங்கே ஒப்பிட்டுக் காண்போம். ஒன்று நம் தொட்டியிலுள்ள இரணகள்ளி. மற்றொன்று, ஒரே ஓர் உயிரணுவாலாகிய கடற்பாசி.

கதையைத் தொடங்குமுன் பாலிகஞ்சிலேயே ஒரு வாயிலில் சற்று நிற்பது பொருந்தும். பாலிகஞ்ச் சர்க்குலர் சாலை, 35ஆம் எண். தாரகநாத பாலித் என்னும் வழக்கறிஞரின் இல்லமாக இருந்த இடம் இது. 1912ஆம் ஆண்டில் அவர் தம் செல்வத்தின் பெரும்பகுதியை விஞ்ஞானக் கல்வியின் பொருட்டுக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற்கு அளித்தார். அவர் வாழ்ந்த மனையிலே இன்று பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானக் கல்லூரி நடைபெறுகிறது. தாவர நூல் துறையும் விலங்கு நூல் துறையும் அங்கேயே உள்ளன. பாலித் என்ற பெயர் நமக்குப் புதிதன்று. திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி. வி. இராமன், அரசாங்கக் கணக்கு உத்தியோகத்தைத் துறந்து 1917இல் ஏற்ற பேராசிரியர் பதவிக்குப் ‘பாலித் பேராசிரியர்’ என்பதே பெயர். இராமன் ஆராய்ச்சி செய்த இடம் வேறு. ஆயினும் கொடை அந்த வள்ளலுடையதே. வந்த ஊரில் வேரூன்றி வளர்ந்த தமிழர் ஒருவரின் பெயரோடு பாலிகஞ்சின் ஒரு வீட்டுப் பெயர் இவ்வாறு இணைந்து நிற்கிறது.

இனி நம் செடியின் வரலாற்றைப் பார்ப்போம். இரணகள்ளியை நாம் நம் நாட்டுச் செடி என்றே கருதுகிறோம். வங்காளத்தாரும் அவ்வாறே கருதுகின்றனர். உண்மையில் அதன் தாயகம் ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கேயுள்ள மடகாஸ்கர் தீவு. அங்கிருந்து அது எவ்வாறோ கீழ்த்திசைத் தீவுகளை அடைந்தது. வாசனைப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற மொலுக்கத் தீவுகளிலிருந்து 1799ஆம் ஆண்டில் அதனைக் கல்கத்தாத் தாவரத் தோட்டத்திற்குக் கொண்டுவரச் செய்தவர் கிளைவ் சீமாட்டி என்று தாவர நூல்கள் குறிக்கின்றன. பிளாசிப் போரில் வென்ற இராபர்ட் கிளைவின் மகன் எட்வர்டு கிளைவ், 1798ஆம் ஆண்டில் சென்னைக் கவர்னராக வந்தார். அவருடைய மனைவியே இந்தச் சீமாட்டி. செடிகொடிகளையும் கற்களையும் சேகரிப்பதில் அவருக்கு மிக்க ஆர்வம் உண்டு. 1800ஆம் ஆண்டில் அவர் தம் பெண்மக்களுடன் தமிழ்நாட்டிலும் மைசூரிலும் நெடும்பயணம் செய்தார். ஆகவே, வங்காளத்தில் இச்செடி குடியேறிய கதையிலும் சென்னையின் கை ஒன்று இருக்கிறது.

ஹூக்ளி நதியின் மேற்குக் கரையில், சிவபூரில் அமைந்துள்ளது அந்தத் தோட்டம். 1787இல் இராபர்ட் கிட் என்பவர் அதனை நிறுவினார். 1793 முதல் அதன் தலைவராக விளங்கியவர் வில்லியம் ராக்ஸ்பரோ. அவரும் முன்னர்ச் சென்னை மாகாணத்தைச் சார்ந்த சாமல்கோட்டையில் தோட்டம் வைத்திருந்தவரே. புதிதாக வந்த செடி அவர் தோட்டத்தில் நன்கு பெருகியது. 1805ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் சாலிஸ்பரி என்னும் தாவர நூலார் இதற்குப் ‘பிரையோஃபில்லம்’ என்று பெயரிட்டார். முளைக்கும் இலை என்பது அக்கிரேக்கச் சொற்களின் பொருள். நம் சிறுவர்கள் இட்ட பெயரும் அறிஞர் இட்ட பெயரும் ஒரே கருத்தைச் சொல்வது காண்க.

பிரிந்த இலை எவ்வாறு பல நாள் வாடாமல் இருக்கிறது என்பதே முதல் வினா. இதற்கான துப்பும் நம் நாட்டில்தான் கிடைத்தது. பெஞ்சமின் ஹெய்ன் என்பவர் ஜெர்மனி நாட்டவர். சமயப் பணியாளராகத் தரங்கம்பாடிக்கு வந்தவர். பின்னர்க் கம்பெனியாரிடம் தாவர நூலாராகச் சாமல்கோட்டையிலும் பெங்களூரிலும் பணியாற்றினார். 1819இல் சென்னையிலே காலமானார். இவர் இரணகள்ளியின் இலையைப் பல வேளைகளில் வாயிலிட்டுச் சுவைத்துப் பார்த்தார். விடியற்காலையில் அது கடும் புளிப்பாக இருந்தது. பொழுது ஏற ஏறப் புளிப்புக் குறைந்தது. நண்பகலில் சுவையே இல்லை. மாலையில் சற்றுக் கசந்தது. இந்தச் செய்தியை அவர் 1813ஆம் ஆண்டில் ஒரு மடலாக எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கத்தார் 1815இல் அதனைத் தம் ஏட்டில் வெளியிட்டனர். கருவி ஏதுமின்றி நாவினாலேயே செய்த இந்தச் சோதனை, தாவர நூலின் வரலாற்றில் இன்றும் நினைக்கப்படுகிறது.

அதன் பொருள் நெடுங்காலம் சென்ற பின்னரே தெளிவாகியது. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உட்கொள்கின்றன. அப்போது உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெளியேறுகிறது. இரணகள்ளியோ சிக்கனக் குடித்தனக்காரர். நீர் அதிகம் போகாத குளிர்ந்த இரவில் துளைகளைத் திறக்கிறது. வாயுவை வாங்கி, ஆப்பிள் பழத்தில் உள்ள மாலிக் அமிலமாக மாற்றிச் சேமிக்கிறது. பகலில் துளைகளை மூடிக்கொண்டு, சேமித்த அமிலத்திலிருந்து வாயுவை விடுவித்துச் சூரிய ஒளியால் உணவு சமைக்கிறது. காலையிற் புளிப்பும் நண்பகலிற் சுவையின்மையும் தோன்றுவதன் காரணம் இதுவே. இத்தகைய இலை தாயிடமிருந்து பிரிந்த பின்னும் தன்னுள் உள்ள நீரைக் காத்துக்கொண்டு பல வாரம் உயிர்வாழ இயலும். வழிப்பயணத்திற்குக் கட்டுச்சோறு கொண்டு புறப்பட்டவனுக்கு ஒப்பானது அது.

(இங்கே ஓர் எச்சரிக்கை: ஹெய்ன் சுவை பார்த்தார் என்பதற்காக நாமும் உண்ணத் தொடங்குதல் கூடாது. இதயத்தைத் தாக்கவல்ல நச்சுப் பொருள்கள் இவ்வினச் செடிகளில் உண்டு. இவற்றை மேய்ந்து மாடுகள் இறந்ததும் உண்டு. மருந்தாகக் கொள்ள விரும்புவோர் மருத்துவரைக் கேட்டே கொள்ளல் வேண்டும்.)

கட்டுச்சோறு இருந்தால் மட்டும் புதுச்செடி பிறந்துவிடுமா? வாழையிலையை நறுக்கி ஈரத்தில் வைத்தால் அது அழுகுமேயன்றிக் கன்று ஈனாது. இரணகள்ளி இலையில் வேறொன்று இருத்தல் வேண்டும். ஜெர்மானியப் பெருங்கவிஞர் கதே இந்தச் செடியிடம் தீராத காதல் கொண்டிருந்தார். தம் வீட்டில் வளர்த்தார். 1820களில் தம் தோழியாகிய மரியானே அம்மையாருக்கு இலைகளை அனுப்பி, முளைக்கவைத்துப் பார்க்குமாறு கூறினார். ஒன்றே பலவாகும் இயற்கையின் தன்மை இதில் விளங்குகிறது என்பது அவர் கருத்து. இன்றும் ஜெர்மனியில் இது கதேயின் செடி என்று வழங்குகிறது.

கவிஞர் கண்டு வியந்ததைப் பின்னர் நிறுத்து அளந்து பார்த்தவர் ஜாக்ஸ் லோப். நியூயார்க்கில் ராக்பெல்லர் ஆராய்ச்சிக் கழகத்தில் பணிபுரிந்த அவர், கடல்வாழ் உயிர்களின் முட்டைகளை ஆராய்ந்து புகழ்பெற்றவர். தம் இறுதிக் காலத்தில் இந்த இலைக்குத் திரும்பினார். செடியில் ஒட்டியுள்ள வரையில் இலையின் பற்கள் உறங்குகின்றன, பறித்தவுடன் விழித்தெழுகின்றன. ஒத்த நிறையுள்ள இலைகள் ஒத்த நிறையுள்ள குருத்தும் வேரும் தருகின்றன. இலை எவ்வளவு பெரிதோ அவ்வளவே குட்டிகளின் செழுமை. இம்முடிவுகள் 1924ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன.

இலையின் ஒவ்வொரு பல்லிடுக்கிலும் முளைக்கத்தக்க இளந்திசு முன்பே அமைந்திருக்கிறது. 2007ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி இதனை மேலும் விளக்கியது. சாதாரணச் செடிகளில் தண்டின் நுனியில் மட்டுமே தொழிற்படும் மரபுக்கூறு ஒன்று, இவ்வினத்தில் இலையின் ஓரத்திலும் தொழிற்படுகிறது. சில இனங்களில் விதைக்குள் கருவை உருவாக்கும் நெறியே இலைக்கு இடம்பெயர்ந்து வந்துவிட்டது. இலை, தண்டின் வேலையையும் விதையின் வேலையையும் கற்றுக்கொண்டது என்று கூறலாம்.

இதற்கு அடிப்படையான உண்மை ஒன்றுண்டு. செடியின் உடல் எண்ணற்ற உயிரணுக்களால் ஆனது. அவற்றுள் உயிருள்ள ஏறக்குறைய ஒவ்வொன்றிலும் உட்கரு என்னும் நடுப்பொருள் இருக்கிறது. அதனுள் முழுச் செடியையும் சமைப்பதற்கான குறிப்பு முழுமையாக அடங்கியிருக்கிறது. 1964ஆம் ஆண்டில் தில்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹா என்னும் வங்காளப் பெண்மணியும் மகேசுவரியும் ஊமத்தையின் மகரந்தப் பையை வளர்ப்பு ஊடகத்தில் இட்டு, மகரந்தத்திலிருந்தே கருக்களைத் தோன்றச் செய்து உலகத்தை வியக்கவைத்தனர். ஆகவே, இலையை நாம் பறிக்கும்போது தாய்ச்செடியின் முழு ஏட்டையும், ஒன்றல்ல, பல்லாயிரம் படிகளாகப் பறித்துக்கொண்டு வருகிறோம்.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழும். உருவத்தை ஆக்குவது உட்கருவேதானா? அதனைச் சூழ்ந்துள்ள பொருளுக்குப் பங்கு இல்லையா? இலையை வைத்து இதனைத் தீர்ப்பது கடினம். நுண்ணிய பல்லாயிரம் உயிரணுக்கள் நெருங்கிக் கிடக்கும்போது ஒன்றன் உட்கருவைப் பிரித்து, எஞ்சியதைத் தனியே வைத்துப் பார்ப்பது எவ்வாறு? உயிரணு ஒன்றே ஒன்றாகவும், கத்தரிக்கோலால் வெட்டும் அளவுக்குப் பெரிதாகவும் இருந்தாலன்றோ முடியும்! அத்தகைய உயிர் கடலில் இருந்தது.

வெப்பமான கடல்களின் ஆழமற்ற கரையோரங்களில், கல்லிலும் கிளிஞ்சலிலும் பற்றி வளரும் பசும்பாசி ஒன்றுண்டு. அசிட்டபுலேரியா என்பது அதன் நூற்பெயர். அடியில் வேர் போன்ற பற்றுக்கால். அதன்மேல் மெல்லிய நீண்ட காம்பு. உச்சியில் விரித்த குடை போன்ற வட்டத்தட்டு. இதனை நாம் குடைப்பாசி என்போம். மத்தியதரைக் கடலில் வளரும் இனம் சில சென்டிமீட்டர் உயரம் இருக்கும். வேரும் தண்டும் பூவும் உடைய சிறு செடி போலத் தோன்றினும் அது முழுவதும் ஒரே உயிரணு. நம் உடலின் உயிரணுக்கள் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை ஒட்டியவை என்பதை நினைத்தால் இதன் பெருமை விளங்கும். இதன் ஒரே உட்கரு அடியிலுள்ள பற்றுக்காலில் தங்கியிருக்கிறது. குடை முற்றிய பின்னரே அது பல்லாயிரமாகப் பிரிந்து, காம்பின் வழியே மேலேறிக் குடையை அடைந்து அடுத்த தலைமுறைக்கு வித்தாகிறது.

நம் நாட்டில் பாசிகளின் ஆராய்ச்சிக்கு அடிகோலியவர் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எம். ஓ. பி. ஐயங்கார். மன்னார் வளைகுடாவிலுள்ள குருசடைத் தீவின் தாவரங்களைப் பற்றி அவர் 1927ஆம் ஆண்டிலேயே எழுதினார். குடைப்பாசியின் புதிய இனம் ஒன்று நம் காலத்தில் அந்தமான் தீவுகளில் கண்டுபிடிக்கப்பட்டது. பஞ்சாப் மத்தியப் பல்கலைக்கழகத்தார் 2019இல் அதனைக் கண்டு, இரண்டாண்டு ஆராய்ந்து, 2021இல் அறிவித்தனர். கடற்கன்னி என்னும் பொருள்பட ‘ஜலகன்யகே’ என்று அதற்குப் பெயரிட்டனர். கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறிச் சென்று தமிழரும் வங்காளத்தாரும் அடுத்தடுத்துக் குடியேறிய தீவுக்கூட்டம் அன்றோ அது!

இந்தப் பாசியைக் கொண்டு ஐயத்தைத் தீர்த்தவர் ஜெர்மானிய அறிஞர் யோவாகிம் ஹெம்மர்லிங். 1930களில் பெர்லினில் அவர் செய்த சோதனைகள் எளியவை, ஆனால் ஆழமானவை. முதலில் குடையை வெட்டி நீக்கினார். உட்கரு அடியில் இருந்தமையால் மீண்டும் குடை முளைத்தது. மீண்டும் வெட்டினார், மீண்டும் முளைத்தது. இதில் வியப்பில்லை. அடுத்து, குடை தோன்றுமுன் பற்றுக்காலையே வெட்டி அகற்றினார். எஞ்சியது உட்கருவற்ற வெறுங்காம்பு. அது உடனே மடியும் என்று நாம் எதிர்பார்ப்போம். அது மடியவில்லை. பல வாரங்கள் பசுமையாக வாழ்ந்தது. அதுமட்டுமன்று, உச்சியில் குடையையும் விரித்தது!

உட்கரு இல்லாமலே உருவம் தோன்றுகிறதே, அப்படியாயின் உட்கருவுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஹெம்மர்லிங் மேலும் ஆராய்ந்தார். உட்கருவற்ற காம்பில் தோன்றிய குடையை வெட்டினால் இரண்டாவது குடை தோன்றவில்லை. அந்தக் காம்பு சந்ததியையும் தரவில்லை. நாளடைவில் தளர்ந்து மடிந்தது. ஆகவே, உட்கரு முன்னரே ஏதோ ஒரு பொருளைக் காம்பின் வழியே உச்சிக்கு அனுப்பி வைத்திருந்தது, அந்த இருப்பு உள்ளவரை வேலை நடந்தது, தீர்ந்தவுடன் நின்றது.

பின்னர் அவர் இரண்டு இனங்களை ஒட்டுப்போட்டார். மத்தியதரைக் கடல் இனத்தின் குடையில் கதிர்கள் நெருங்கி ஒட்டி வட்டத்தட்டாக இருக்கும். மற்றோர் இனத்தில் அவை நுனி கூர்ந்து பிரிந்து நிற்கும். முதல் இனத்தின் காம்பை இரண்டாம் இனத்தின் பற்றுக்காலில் ஒட்டினார். முதலில் தோன்றிய குடை இரண்டுக்கும் இடைப்பட்டதாக இருந்தது. அதனை வெட்டியபின் தோன்றிய குடையோ முற்றிலும் பற்றுக்காலின் இனத்தையே ஒத்திருந்தது. காம்பில் இருந்த பழைய இருப்புத் தீர்ந்தது. உட்கருவின் புதிய ஆணை வந்து சேர்ந்தது.

அவ்வாணையைச் சுமந்து செல்லும் பொருள் யாது என்பது அப்போது தெரியவில்லை. 1961ஆம் ஆண்டில் வேறு உயிர்களில் செய்த சோதனைகளால் அது விளங்கியது. உட்கருவிலுள்ள குறிப்பைப் படியெடுத்து வெளியே கொண்டு செல்லும் தூதுவனைத் ‘தூது ஆர்.என்.ஏ.’ என்று அழைக்கின்றனர். ஹெம்மர்லிங் முன்னுணர்ந்த உருவாக்கும் பொருளின் உண்மை இவ்வாறு பல ஆண்டுகளுக்குப் பின் துலங்கிற்று.

இப்போது இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். இரண்டும் வெட்டுண்ட பின் வாழ்வன. இரண்டும் சேமிப்பின் வலிமையால் சில காலம் தாங்குவன. இலையின் சேமிப்பு நீரும் உணவும்; காம்பின் சேமிப்பு முன்னரே வந்து சேர்ந்த தூது. ஆயினும் முடிவு வேறு. இலை தன்னோடு உட்கருக்களையும் கொண்டு வந்தது. ஆதலின் இழந்த பகுதியை நாடாமல், முழுச்செடியையே புதிதாகத் தொடங்குகிறது. உட்கருவைப் பின்னே விட்டு வந்த காம்போ ஒருமுறை மட்டும் அழகாகக் குடை விரிக்கிறது. அந்த ஒரு குடையைப் பார்ப்பவர் இதற்கு ஒரு குறையும் இல்லை என்றே எண்ணுவர். குறை இரண்டாவது குடையிலேதான் தெரியவரும்.

மனிதர் இலையும் அல்லர், பாசியும் அல்லர். உயிர் நூலின் முடிவுகளை மக்கள் வாழ்வுக்கு அப்படியே பொருத்துதல் தவறு. எனினும் ஒரு நல்ல உவமை, நாம் கேட்க மறந்த வினாவைக் கேட்பிக்கும். பாலிகஞ்சிலும் லேக் மார்க்கெட்டைச் சூழ்ந்த தெருக்களிலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. முதலில் வந்தவர்கள் ஊரிலிருந்து நிறையக் கொண்டு வந்தனர். பேச்சு, பாட்டு, பண்டிகை, சமையல், உறவு முறை ஆகிய அனைத்தும் அவர்களிடம் நிரம்பி இருந்தன. அந்த இருப்பின் வலிமையால் இல்லங்கள் பசுமையாக விளங்கின. சந்தையில் வாழையிலையும் முருங்கைக்காயும் மல்லிகைச் சரமும் கிடைக்கின்றன. வீட்டில் காப்பி மணக்கிறது. பொங்கல் நாளில் வாயிலில் கோலம் இடுகிறோம். குடை நன்றாகவே விரிந்திருக்கிறது. இது உட்கருவோடு கூடிய குடையா, பழைய இருப்பினால் விரிந்த குடையா என்பதே வினா.

வீட்டில் தமிழ் பேசும் குழந்தைகள் பலர் அதனை எழுத்துக்கூட்டிப் படிக்க அறியார். பாட்டிக்கு ஒரு மடல் எழுத வேண்டுமாயின் பெற்றோர் எழுதக் கையெழுத்து மட்டும் இடுவர். குழந்தைகளைக் குறை கூறிப் பயனில்லை. அவர்களிடம் இருப்பது நாம் அனுப்பிய தூது. ஏட்டை நாம் கையில் கொடுக்கவில்லை. பேச்சு கேட்டுப் பழகினால் ஒரு தலைமுறைக்கு வரும். எழுத்தும் அதன் வழியே வரும் நூல்களும் கையிலிருந்தால், பின்வருவோர் நம்மைக் கேளாமலே தமக்கு வேண்டியதைத் தாமே எடுத்துக்கொள்வர். வாரத்தில் இரண்டு நாள், அரைமணி நேரம், ஒரு பெற்றோர் உட்கார்ந்தாலும் இது இயலும்.

மற்றொரு பக்கமும் உண்டு. சுவரில் கட்டித் தொங்கவிட்ட இலை குட்டி போடுவது உண்மை. ஆயினும் அக்குட்டிகள் சுவரிலேயே வளர்ந்து பெருஞ்செடியாவதில்லை. இலையின் நீர் வற்றுமுன் அவற்றின் வேர் மண்ணைத் தொடவேண்டும். சிவபூர்த் தோட்டத்தின் பேராலமரத்தை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். அதன் நடு அடிமரம் நோயுற்றமையால் 1925ஆம் ஆண்டில் வெட்டி எடுக்கப்பட்டது. மரம் இன்றும் பரந்து வாழ்கிறது. விழுதுகள் தாம் நின்ற இடத்து மண்ணிலே ஊன்றியிருந்ததே காரணம். வங்காளத்து மண்ணை ஒதுக்கி, ஊர் நினைவாகவே தொங்கிக்கொண்டிருக்கும் வாழ்வும் நெடுநாள் நிலைக்காது. நம் பிள்ளைகள் வங்கமொழியைத் தங்குதடையின்றிப் பேசுவதும், அண்டை வீட்டாரின் பூசையில் கலந்து கொள்வதும் இழப்பன்று. அது மண்ணைத் தொட்ட வேர்.

இரண்டும் ஒருங்கே நடைபெறக் கூடும் என்பதற்குச் சான்று நம் தொட்டியிலேயே இருக்கிறது. மடகாஸ்கரில் தோன்றி, மொலுக்கத் தீவுகளில் தங்கி, 1799இல் ஹூக்ளிக் கரையில் இறங்கிய செடி இது. வங்காளத்தில் வங்கப் பெயர் பெற்றது. தமிழகத்தில் தமிழ்ப் பெயர் பெற்றது. இரு நாட்டு வைத்தியத்திலும் இடம் பெற்றது. எந்த மண்ணில் நட்டாலும் அந்த மண்ணின் நீரையே உறிஞ்சி வளர்ந்தது. ஆயினும் அதன் இலை இன்றும் விடியலில் புளிக்கிறது. பகலில் புளிப்பை இழக்கிறது. பறித்துப் போட்டால் குட்டி போடுகிறது.

அடுத்த விடுமுறையில் குழந்தைகளிடம் ஓர் இலையைப் பறித்துக் கொடுப்போம். ஈரமண் நிரப்பிய சிறு தட்டில் அதனைப் பரப்பி வைக்கச் சொல்வோம். முளை கண்ட நாளை ஒரு தாளில் அவர்கள் குறித்து வைக்கட்டும். அத்தாளின் தலைப்பில் செடியின் இரு பெயர்களையும், வங்கப் பெயரை வங்க எழுத்திலும் தமிழ்ப் பெயரைத் தமிழ் எழுத்திலும், அவர்கள் கையாலேயே எழுதச் செய்வோம்.